பக்கத்துக் கட்டில் சைரன்

வாசுதேவனுக்குச் சைரன் என்று பெயர் வைத்தது நான்தான். ஆள் கருங்குழியில் உரக்கடை வைத்திருக்கிறார், ஐம்பது வயது. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். ஆபரேஷனுக்காகக் காலை மரத்துப்போக வைத்த ஊசி தெளிந்ததும் மனிதர் போட்ட கூச்சலில், எதிர் அறையில் அழுத குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. நான் துண்டால் காதைக் கட்டிக்கொண்டு, "அண்ணாத்த, பிரசவ வார்டு கீழ கீது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி கத்தினார்.

எனக்கு வாய் அப்படி. பெயர் ஜோஷ்வா, சதுரங்கப்பட்டினம், லோடு வண்டி ஓட்டுகிறேன். திருப்போரூர் பக்கம் மனை போட்ட இடத்தில் எல்லைக்கல் இறக்கும்போது ஒரு கல் சரிந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. அப்போதும் நான் கத்தவில்லை. இதை வார்டில் ஒருவர் விடாமல் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை எனக்கு ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் ரேணுகா என் தொடையில் நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியே மருந்து போய்க்கொண்டே இருக்கும்படி செய்திருந்தார். வலியைக் குறைக்கும் அளவுக்குத்தான் மருந்து, முழுக்க மரத்துப்போக விடவில்லை என்றார். நசுங்கிய கால் உள்ளே வீங்கலாம், மருந்தையும் மீறி வலி ஏறினால் உடனே சொல்ல வேண்டும் என்று என்னிடமும் என் மனைவி ஜெசிந்தாவிடமும் இரண்டு முறை சொன்னார். ஜெசிந்தா தலையாட்டிவிட்டு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொள்ள ஊருக்குப் பஸ் ஏறினாள்.

மத்தியானம் வலி வந்தது. முதலில் கெண்டைக்காலை ஈரத்துணி மாதிரி யாரோ பிழிந்தார்கள். சரியாகிவிடும் என்று ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடிகாரத்தில் இரண்டு மணி. போர்வையைத் தள்ளினேன், இழுத்தேன், தலையணையைத் திருப்பிப் போட்டேன், தண்ணீர் குடித்தேன். மறுபடி பார்த்தால் இரண்டு அடித்து ஐந்து நிமிடம். காலுக்குத் தன் தோலுக்குள்ளேயே இடம் போதவில்லை.

நர்ஸ் ஸ்ரீதேவி வந்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார். சைரன் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு" என்றேன்.

ஸ்ரீதேவி சோதித்துப் பார்க்க என் கால் விரல்களை மேலே வளைத்தார். உயிர் உச்சந்தலைக்கு ஏறியது. நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஜெசிந்தா போனில் கேட்டபோதும் அதே இரண்டுதான். இடது கால் கிளட்ச் மிதிக்கும் கால், அது போனால் என் பிழைப்பே போச்சு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இந்த ஆள் முன்னால் எப்படி வாயைத் திறப்பது?

நாலு மணிக்கு வாசுதேவன் கத்த ஆரம்பித்தார். வழக்கமான கத்தல்தானே என்று யாரும் திரும்பவில்லை. அவர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் மடார் மடார் என்று அடித்தார். ஸ்ரீதேவி ஓடிவந்து அவர் தொடையைத் தொடப் போனார்.

"எனக்கு ஒண்ணியும் இல்லம்மா" என்றார் வாசுதேவன். "அந்தாளப் பாரு. மத்தியானத்துலேர்ந்து ஒரு தபா கூட என்னைக் கிண்டல் பண்ணல. அவனுக்கு இன்னாவோ ஆயிப்போச்சு."

ஸ்ரீதேவி என் பக்கம் திரும்பினார். வலி எத்தனை என்று மறுபடி கேட்டார்.

"பத்து" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

ரேணுகா வந்து கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். நான் இறக்கிய கல்லைப் போலவே இறுகியிருந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய், வீங்கிய தசை மூச்சுவிட இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் கட்டுப் பிரித்து மருந்து வைத்தார்கள். வலி கிளம்பியது. நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன்.

"வலிக்குதா?" என்றார் வாசுதேவன்.

"வலிக்குது அண்ணாத்த."

"அப்ப கத்து."

கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. வாசுதேவன் தன் துண்டை எடுத்தார். காதைக் கட்டிக்கொள்ளப் போகிறார், கட்டிக்கொள்ளட்டும், எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவரோ என்னை முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அதை என் கட்டிலுக்கு வீசினார்.