தசமியன்று கடிகாரத்தின் முன்

வங்காளத்து டாக்குரியாவில் வெங்கடநாராயணன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி மாதம் வளர்பிறைத் தசமியில் அப்பாவின் சிராத்தம் முடிந்ததும், அவரும் மனைவி ஜெயலக்ஷ்மியும் டாக்ஸி பிடித்து மியூசியத்துக்குப் போவார்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரக் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் அப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் இருந்தது; மற்றக் கடிகாரங்களையெல்லாம் அதைப் பார்த்துத்தான் திருத்துவார்கள். அதற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பு அப்பாவுடையது. அதன் முன் விறைப்பாக நின்று, அப்பாவின் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு திரும்புவார் வெங்கடநாராயணன்.

மகள் ஹம்சினி பிரிட்டோவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். பேரன் பிறந்த சேதி வந்ததும் கொஞ்சம் இளகி, தம்பி கிரிதரிடம் சொல்லியனுப்பினார்.

"ஆடி தசமியன்னிக்குத் தாத்தா கடிகாரத்துக்கு முன்னாடி வந்து நிக்கட்டும். அப்புறம் பேசலாம்."

"இங்கிலீஷ் தேதியைச் சொல்லேண்ணா."

"பத்திரிகை அடிச்சு அழைக்கணுமா? வேணும்னா தெரிஞ்சுண்டு வருவா."

அந்த வருஷம் அவள் வரவில்லை. அடுத்தடுத்த வருஷங்களிலும் வரவில்லை. "பார்த்தியா உன் பொண்ணு லட்சணத்தை" என்று ஜெயலக்ஷ்மியைக் குத்தியதோடு நிற்காமல், ஹம்சினியிடம் பேசமாட்டேன் என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஆடியிலும் போய் நின்றார்கள். காவலாளி மது சிரித்துக்கொண்டே வந்தான்.

"போன மாசம் உங்க பொண்ணு வந்தாங்களே, பாபு. வருஷா வருஷம் வர்றவங்கதான், உங்க பொண்ணுன்னு இந்தத் தடவைதான் சொன்னாங்க. ஆஷாட தசமி, தாத்தா திதின்னு சொல்வாங்க. பையனோட மூடுற வரைக்கும் நின்னாங்க. ஊரைவிட்டே போறாங்களாம், இனிமே வரமாட்டேன்னு அழுதாங்க."

"ஆஷாடமா? வங்காளப் பஞ்சாங்கத்துல அது நம்ம ஆனி மாசம்னா! நம்ம ஆடி இவாளுக்கு ஸ்ராபண்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வங்காளப் பள்ளிக்கூடத்துல படிச்சவளுக்கு ஆடின்னா ஆஷாடம்தானே ஞாபகம் வரும்? ஒரு தேதி சொன்னா உங்க கௌரவம் கொறஞ்சா போயிருக்கும்?"

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு வருஷமும் இதே இடத்தில் நின்று, அப்பா என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஜெயலக்ஷ்மி பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தி அவர் கையில் திணித்தாள். "கிரிதர் குடுத்த நம்பர். பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணினது நான்தான். நீங்க பேசுங்கோ."

மறுமுனையில் மணி அடித்தது. எடுத்தது ஒரு குழந்தை.

"கே போல்ச்சேன்?"

யார் பேசுவது? யார் கேட்டாலும் தகப்பனார் பேரோடு சேர்த்துத் தன் பேரைச் சொல்பவர் வெங்கடநாராயணன். இன்றைக்கு வாய் வரவில்லை. தாத்தா என்று சொல்லிக்கொள்ள அந்தக் குழந்தைக்கு அவர் என்ன செய்திருக்கிறார்?

"யாருடா போன்ல?" தூரத்தில் ஹம்சினியின் குரல்.

யாருமில்லை என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுக் குழந்தை போனை வைத்தது.

"என்ன சொன்னா? சொல்லுங்களேன்னா, என்ன சொன்னா?" ஜெயலக்ஷ்மி அவர் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் கைக்கடிகாரத்தைத் திருத்தவில்லை.