உமேஷ் கத்திய சொல்

எங்கள் குடும்பத்தில் யாரையும் 'சொன்ன பேச்சு கேளாதவன்' என்று வெளியார் எழுதியதில்லை. தம்பி மகன் செந்தில்நாதனைப் பற்றி அவன் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி ஆலை விபத்து அறிக்கையில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. அதில் அவன் கையெழுத்திட்டால் வேலை போகும். பெயர் அதற்கு முன்பே போய்விடும். அதனால் விஜயநகரிலிருந்து நானே அவனுடன் விசாரணைக்குப் போனேன்.

மேட்டூரிலிருந்து இந்தக் கன்னட ஊருக்குப் புதிதாக வந்தவன் அவன். காகிதத் தாளோடு கையும் இயந்திர உருளைகளுக்குள் போய், இரண்டு விரல்களின் நுனி நசுங்கிவிட்டது.

பாதுகாப்பு அதிகாரி வைஷாலி திரையில் படம் ஓட்டினார். எல்லாம் ஆங்கிலம். தலைக்கவசம் அணிந்த வெள்ளைக்காரன் ஒருவன் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தான். அவனுக்கு எல்லா விரல்களும் இருந்தன.

"இது சேர்ந்த அன்னைக்கே இவருக்குக் காட்டினது சார்."

"புரிஞ்சுதான்னு கேட்டீங்களா?"

"கடைசியில 'எனி டவுட்ஸ்?'னு கேட்போம். யாரும் கைதூக்கல."

ஆங்கிலம் தெரியாதவனிடம் ஆங்கிலத்திலேயே சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். இதற்குச் சம்பளம் வேறு.

"அதை விடுங்க சார். தாள் சிக்கினதும் சூப்பர்வைசர் விடச் சொல்லிக் கத்தியிருக்கார். இவர் இறுக்கிப் பிடிச்சிருக்கார். கீழ்ப்படியலன்னுதானே அர்த்தம்?"

பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் உமேஷுக்குத் தமிழ் வராது. என்ன சொல்லிக் கத்தினீர்கள் என்று கன்னடத்தில் கேட்டேன்.

"பிடி, பிடி அந்தெ." 'பிடி, பிடி' என்று சொன்னாராம்.

செந்தில்நாதன் நிமிர்ந்தான். "அதேதான் பெரியப்பா. நாம புடிங்கறத இவரு பிடிங்கறாருன்னு நெனச்சேன். அவரு கத்தக் கத்த நான் இறுக்குனேன்."

கன்னடத்தில் 'பிடி' என்றால் விட்டுவிடுங்கள். கன்னடம் பேசும் கொள்ளேகாலில் பிறந்த எனக்கு அது தெரியும். மேட்டூரில் பிறந்தவனுக்கு யார் சொன்னார்கள்? பேச்சைக் கேட்டதால்தான் அவனுக்கு விரல் நசுங்கியது.

நான் விளக்கியதும் உமேஷ் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். 

"கம்யூனிகேஷன் கேப்னு மாத்திடலாம் சார்," என்றார் வைஷாலி.

"உங்க கேப்ல விரலைக் கொடுத்தது எங்க பையன்மா. அவனுக்குத் தெரிஞ்ச மொழியில நாங்க சொல்லித் தரலைன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா என்மேல வரும் சார்."

"அவன்மேல எழுதினப்ப கை நடுங்கலையே."

வைஷாலி யாரையும் பார்க்காமல் தட்டச்சு செய்தார். 'கீழ்ப்படியவில்லை' போனது. நான் சொன்னது வந்தது. அதைத் தமிழில் படித்துக் காட்ட வைத்த பிறகே அவனைக் கையெழுத்திட விட்டேன். வேலை தப்பியது.

உமேஷ் வாசல்வரை வந்தார். "வாசியாத மேலெ பர்தியேனப்பா?" குணமானதும் வருவாயா என்று கேட்டார்.

"வர்றேன் சார். இனிமே சிக்குச்சுன்னா கத்திட்டு நிக்காதீங்க. மொதல்ல மெஷினை நிறுத்துங்க."

உமேஷ் என் முகத்தைப் பார்த்தார். அவன் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல், மெதுவாக, கன்னடத்தில் சொன்னேன்.