கறுப்புத் தகடு, மூன்று லட்சம்

விலை மதிக்க முடியாத பொருளுக்கு அந்தக் கடையில் விலை மூன்று லட்சம். பொருள், ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர். ஐம்பது வருஷத்துப் பழசு, முகப்பில் கறுப்புத் தகடு. பக்கத்திலேயே அதன் தம்பி: அதே கம்பெனி, நாலு வருஷம் இளையது, வெள்ளித் தகடு, விலை எண்பதாயிரம்.

கடைக்காரருக்கு வாரண்டி என்று பெயர் விழுந்திருந்தது. எந்தப் பொருளுக்கும் அவர் அதைத் தந்ததில்லை.

கறுப்பை வாங்கிய பணம், அவர் மனைவி புது ஃபிரிட்ஜுக்கு ஒதுக்கி வைத்திருந்தது. பழைய ஃபிரிட்ஜ், லாரி மேடு ஏறுவதுபோல் உறுமியதால் வீட்டிலிருந்து கடையின் பின்னறைக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது. ஜில்லென்று தண்ணீர் குடிக்க அந்த அம்மாள் இரண்டு தெரு நடக்க வேண்டும். "சனிக்கிழமைக்குள்ள அந்தப் பொட்டி விக்கலைன்னா நான் கடையிலேயே குடித்தனம் வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை. தலையணை முன்கூட்டியே வந்துவிட்டது.

வாங்க வந்தவர் பல் டாக்டர். ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எது எதுன்னு சொல்லக் கூடாது. காதே சொல்லும்."

வாரண்டியின் மனைவிக்குத் தம்பிதான் கடைக்கு மெக்கானிக். அவன் கிட்டாரைக் கறுப்பில் மாட்டி நாலு ஸ்வரம் வாசித்தான்.

"ஆகா, கம்பளி போத்திவிட்ட மாதிரி இருக்கு."

வெள்ளியில் அதே நாலு.

"பல்லு புடுங்கின வாய். சத்தம் வருது, உயிர் இல்ல."

மூன்று தடவை மாற்றி மாற்றி வாசித்தான். மூன்று தடவையும் டாக்டர் சரியாகச் சொன்னார். வாரண்டி ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

நாலாவது தடவை.

"பல்லு போச்சு. வெள்ளி."

வாசித்தது கறுப்பு. "வயர மாத்திட்டியா மாப்ளே?" என்று வாரண்டி பல்லைக் கடித்தார்.

"இல்ல மாமா, கறுப்புதான்."

அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் லாரி கிளம்பியது.

"இதோ! கம்பளி வந்துடுச்சு!" டாக்டர் துள்ளினார்.

மெக்கானிக்குக்குக் கைவேலையில் சுத்தம் இருந்த அளவு வாயில் சாமர்த்தியம் இல்லை. "டாக்டர், அது ஃபிரிட்ஜ். கறுப்பும் அதுவும் ஒரே பிளக்குல இருக்கு. அது ஓடும்போது உறுமல் கரண்ட் வழியா ஸ்பீக்கருக்கு வருது. வெள்ளிக்கு வேற பிளக்கு."

வாரண்டி பேனாவை மூடினார். தலையணையை ஒரு பார்வை பார்த்தார்.

டாக்டர் எழுந்து வாசலுக்குப் போகவில்லை. பின்னறைக்குப் போனார். ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்து, வெள்ளியை அதன் பிளக்கில் மாட்டச் சொன்னார். நாலு ஸ்வரம். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது எந்த வெர்ஷன்?" என்றார், ஃபிரிட்ஜைத் தடவி.

வாரண்டியின் ரத்தத்தில் ஏழு தலைமுறை வியாபாரம் விழித்துக்கொண்டது. "முதல் வெர்ஷன் டாக்டர். இதுக்கப்புறம் வந்ததெல்லாம் வாயே திறக்காது. கெடுத்துட்டானுங்க."

"என்ன விலை?"

"இதுக்கெல்லாம் விலை மதிக்க முடியுமா?"

"அப்ப மூணு லட்சமா மாமா?" என்றான் மெக்கானிக். அன்று அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு.

வெள்ளியும் ஃபிரிட்ஜும் வண்டியில் ஏறும் நேரத்தில், கையில் பாயோடு மனைவி வந்து நின்றாள்.

"என் ஃபிரிட்ஜு எங்கங்க போகுது?"

"இசைக்கும்மா" என்றார் டாக்டர்.

அவள் கணவனைப் பார்த்தாள், விலையைக் கேட்டாள், முந்தானையை இழுத்துச் செருகினாள். "கதவு தானா சாத்தாது டாக்டர். உதைக்கணும். அந்தச் சத்தத்தைக் கேட்டீங்களா?"

உதைத்துக் காட்டினாள். டாக்டர் கண்ணை மூடினார்.

"அது தனி விலை" என்றாள்.

மாலையில் கணக்கை அவளே எழுதினாள்:

ஃபிரிட்ஜ், முதல் வெர்ஷன்: 3,00,000.
வெள்ளித் தகடு: 80,000.
உதை: 20,000.
வரவு மொத்தம்: 4,00,000.
செலவு, சத்தமே போடாத புது ஃபிரிட்ஜ்: 45,000.
வீட்டுக்குத் திரும்பியவை: தலையணை ஒன்று, பாய் ஒன்று.
இருப்பு: 3,55,000, கறுப்புத் தகடு ஒன்று, விலை மதிக்க முடியாதது. அதை விற்க, உறுமும் ஃபிரிட்ஜ் இன்னொன்று தேவை.