மருந்து கொடுக்காத டாக்டர்

“அந்த டாக்டர் மேல கேஸ் போடணும் லா. ஆண்டிபயாட்டிக் கொடுத்திருந்தா லூசி இங்க படுத்திருப்பாளா?”

“அண்ணே, அவ திரும்ப கிளினிக் போகணும்னு கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? அத முதல்ல சொல்லுங்க.”

மலேசியாவில், குளுவாங் ஆஸ்பத்திரி வார்டு வாசலில் என் மனைவி ஷர்மைனும் என் தங்கை லூசியின் கணவர் லெஸ்லியும் போட்ட சண்டை இது. கீழே போய்க் கோப்பி வாங்கி வந்த எனக்குப் படிக்கட்டிலேயே கேட்டது.

நடந்தது இதுதான். லூசிக்குத் தொண்டை வலி. பக்கத்து ஊரான ரெங்கத்தில் ஒரு கிளினிக்குக்கு லெஸ்லிதான் அழைத்துப் போனார். வைரஸ் போலத் தெரிகிறது, ஆண்டிபயாட்டிக் வேண்டாம், வலி மாத்திரை பனடோல் போதும் என்றார் டாக்டர். வாய் திறக்க முடியாமல் போனாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ உடனே வரச் சொன்னார். லெஸ்லியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

நம் வீடுகளில் டாக்டர் பை நிறைய மாத்திரை கொடுத்தால்தான் அது சீக்கு. வெறும் பனடோல் என்றால் வேலை செய்யச் சோம்பல். அந்த வாரம் லெஸ்லியின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். லூசி தொண்டையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். வாய் சரியாகத் திறக்கவில்லை, கிளினிக் போகலாம் என்று கேட்டிருக்கிறாள்.

“டாக்டரே ஒன்னும் இல்லன்னுட்டாரு. உனக்கு வேலைய கண்டாதான் வலி வருது” என்றாராம் லெஸ்லி, சொந்தக்காரர்கள் முன்னால். எல்லாரும் சிரித்தார்களாம். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. துண்டில் எச்சிலைத் துப்பிக்கொண்டே சமைத்தாள்.

நிச்சயம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது மயங்கி விழுந்தாள். டான்சில் பக்கத்தில் சீழ் கட்டி, மூச்சையே அடைக்கும் நிலை. கீறி எடுத்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் நானே கேட்டேன். ஆரம்பத்திலேயே ஆண்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் ஒருவேளை தடுத்திருக்கலாம், ஆனால் இப்படி ஆவது அபூர்வம், அதற்காகத் தொண்டை வலி என்று வரும் எல்லாருக்கும் கொடுக்க முடியாது, வலி கூடியதுமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார்.

பக்கத்தில் நின்ற லெஸ்லிக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. கிளினிக் மேல் புகார் எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தார். லூசி என் கையைப் பிடித்தாள். குரல் சரியாக வரவில்லை.

“எழுதாதண்ணே. அந்த டாக்டர் திரும்ப வான்னுதான் சொன்னாரு. இவருதான் விடல.”

“மருந்து மயக்கத்துல உளறுறா,” என்றார் லெஸ்லி.

நாளை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றேன். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்கிறார் அவர். லூசி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலிக்கிறது என்று சொன்னால் சிரிக்கிற வீட்டுக்கு என் தங்கையை நான் அனுப்பலாமா? படித்துவிட்டுப் பேசாமல் போய்விடாதீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கீழே பதில் போடுங்கள்.