தட்டில் இடம் பிடித்தவர்

என் முழங்கைத் தழும்பிலிருந்து எடுத்த செல்களை இன்குபேட்டரில் வைத்தபோது, வழக்கப்படி என்னையும் உள்ளே வைத்தார்கள். சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால்தான் செல் தட்டில் ஒட்டும்.

என் சுண்டுவிரலுக்கு ரத்தம் போவது நின்றிருந்தது. ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் வளர்ந்து புதுக் குழாய் ஆகிவிட்டால் விரல் பிழைக்கும். இல்லையென்றால் மாலையில் எடுத்துவிடுவார்கள்.

"காலை மடக்கிக்குங்கண்ணே," என்றார் ஆய்வாளர் சுலைகா. "கதவு இடிக்குது."

தழும்பில் குழாய் ஆகாத நார்ச்செல்கள்தான் அதிகம். உள்சுவர்ச் செல்களில் மட்டும் ஒட்டும் இரும்புப் பொடியைத் தூவி, காந்தத்தைக் காட்டினார். அவை வந்தன. என்னைப் பார்க்க வந்திருந்த தங்கை கணவர் அருள்ஞானமும் வந்து ஒட்டிக்கொண்டார்.

"இவர் யாரு?"

"எங்க மாப்பிள்ளை."

"காந்தம் தப்புப் பண்ணாது." அவரையும் தட்டில் விட்டார்.

அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு நார்ச்செல்லும் இறங்கிவிட்டது. ஒன்று போதும். சற்று நேரத்தில் ஒல்லியாக, நீளநீளமாகப் பெருகி, தட்டெங்கும் துண்டு போட்டு இடம் பிடித்தன.

அருள்ஞானத்துக்கு இதெல்லாம் பழக்கம். டவுன் பஸ்ஸில் வளர்ந்தவர்.

"எந்திரிங்க. இங்க ஆள் வருது."

"எங்கய்யா ஆளு?" என்றது ஒரு நார்ச்செல்.

"அந்தா பிரியுது பாரு. ரெண்டானதும் உக்காரும்."

தட்டு நீண்டுகொண்டே போனது. அவர் ஓடினார். துண்டைப் போட்டார், சட்டையைப் போட்டார், பனியனைப் போட்டார். போட்ட இடத்திலெல்லாம் உள்சுவர்ச் செல்கள் வந்து, தளக்கல் பதித்தாற்போல் நெருக்கி உட்கார்ந்தன. நார்ச்செல்கள் முணுமுணுத்தபடி ஓரத்துக்குப் போயின.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்த சுலைகா துள்ளினார். "வளையுதுண்ணே! குழாயா வளையுது!"

நான் எழுந்ததில் தலை இடித்தது. "விடாதீங்க மாப்ள!"

ஒரே ஓர் இடைவெளி மிஞ்சியது. உட்கார ஆளில்லை. ஓரத்திலிருந்து ஒரு நார்ச்செல் துண்டை உதறியது. அருள்ஞானம் என்னைப் பார்த்தார்.

"மச்சான், ஜெசிந்தாகிட்ட நான் வர லேட்டாகும்னு சொல்லிருங்க."

போய் அதில் குறுக்கே படுத்தார். குழாய் மூடிக்கொண்டது.

சுலைகா அதை எடுத்து என் விரலில் வைத்துத் தைத்தார். நகம் சிவந்தது. தகவல் தெரிந்து தங்கை ஜெசிந்தா வந்தாள். என் சுண்டுவிரலை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, சாப்டீங்களா?"

உள்ளிருந்து அருள்ஞானம் கத்தினார்.

"அப்புறம் பேசுடி! கூட்டம் வருது! அடேயப்பா, எவ்வளவு கூட்டம்!"