சிலேட்டில் ஏறாத கம்பி

காஜா பேராங்கில் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்கான அலங்கார வளைவுக்கு விளக்குப் போடும் வேலையை ஊரார் வயர்மேன் மாணிக்கவாசகத்தின் தலையில் கட்டினார்கள். அவர் ஒரே நிபந்தனை போட்டார். யார் பல்புச் சரம் கொண்டுவந்தாலும், எந்தக் கம்பியைத் தொட்டாலும், மூங்கில் காலில் தொங்கும் சிலேட்டில் எழுத வேண்டும். எல்லாம் சேர்ந்தபின் ஒருதரம் முழுதாக எரியவிட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டக் காசா, பணமா?

தெங்கேராவில் கடை வைத்திருந்த யூனுஸ் எண்பது பல்பு கொண்டுவந்தார். புக்கிட் பாரு சுப்பையன் அறுபது. தனித்தனியே எரியவிட்டபோது எதிலும் பழுதில்லை. சிலேட்டில் கூட்டிப் பார்த்த மாணிக்கவாசகம் இன்னொரு தரமும் கூட்டினார். கணக்கு, கம்பி தாங்கும் எல்லையில் வந்து நின்றது. வளைவு முழுக்கக் காய்ந்த தென்னங்கீற்றும் காகிதப்பூவும். அதன் அடியில்தான் அவருடைய பத்து வயது மகள் கோகிலா மற்றப் பிள்ளைகளோடு நின்று பாடப்போகிறாள்.

"தலைவரே, நாளைக்குக் காலையில எல்லாத்தையும் சேர்த்து ஒரு தடவ போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

கமிட்டித் தலைவர் ராஜரத்தினத்தின் முகம் சுருங்கியது. "குத்துவிளக்கு ஏத்துறதுக்கு முன்னாடி வளைவு முழுசா எரியக் கூடாது. பொறக்காத பிள்ளைக்கு யாராச்சும் பேர் வைப்பாங்களா? தனித்தனியாத்தான் பாத்தாச்சுல்ல, போதும்லா."

மாணிக்கவாசகம் வாயை மூடிக்கொண்டார். அதுதான் அவர் செய்த பிழை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். முட்டுக்கட்டை வைத்திருப்பவன் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் வளைவின் உச்சியில், சிலேட்டில் எழுதாத ஒரு சிவப்புச் சரம் தொங்கியது.

"நான்தான் கட்டுனேன், மாணிக்கண்ணே" என்றார் யூனுஸ். "சும்மா நாப்பது பல்புதான். மேல மொட்டையா இருந்துச்சு."

மாணிக்கவாசகம் அவிழ்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. பிள்ளைகளும் வரிசையில் நின்றுவிட்டார்கள். பாரம் மிஞ்சினால் பியூஸ் போகும், இருட்டாகும், ஊர் சிரிக்கும், அவ்வளவுதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். பியூஸுக்குள் இருப்பது தன் கையால் அளந்து போட்ட மெல்லிய கம்பி. நாற்பது பல்பு கூடினால் அது நிற்காது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ராஜரத்தினம் கையசைத்தார். மாணிக்கவாசகம் சுவிட்சைத் தள்ளினார்.

வளைவு முழுக்க எரிந்தது. ஊரே கைதட்டியது. கோகிலா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

மாணிக்கவாசகம் மட்டும் பியூஸ் போவதற்காகக் காத்திருந்தார். பத்து எண்ணினார். இருபது எண்ணினார். பிள்ளைகள் முதல் அடியைப் பாடி முடித்தார்கள். பியூஸ் போகவில்லை. அது போகாவிட்டால் சூடு முழுக்கக் கீற்றுக்குள் ஓடும் கம்பியில்தான் ஏறும் என்று அவர் உச்சியையே பார்த்தார்.

பக்கத்தில் நின்ற சுப்பையன் பெருமையாகச் சொன்னான்: "பயப்படாதீங்கண்ணே, போகாது. மத்தியானம் தலைவருக்குத் தெரியாம எல்லாத்தையும் சேர்த்துத் தட்டிப் பாத்தேன், ரெண்டு தடவ பியூஸ் போயிருச்சு. நல்ல நாளும் அதுவுமா நம்ம மானம் போயிரக் கூடாதேன்னு பியூஸ்ல தடிச்ச கம்பியா மாட்டிட்டேன். உங்களத் தேடுனேன், காணோம்."

"சிலேட்டுல எழுதுனியா?"

"ஒரு துண்டுக் கம்பிதானேண்ணே."

ரப்பர் கருகும் வாடை அப்போதுதான் மூக்கில் ஏறியது. மாணிக்கவாசகம் பாய்ந்து சுவிட்சை இழுத்தார். வளைவு அணைந்தது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. பிள்ளைகள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இருட்டிலும் பாட்டை நிறுத்தக் கூடாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

உச்சியில் சிவப்பாக ஒன்று மட்டும் அணையவில்லை. அது பல்பு இல்லை. அதற்கு நேர் கீழேயிருந்து கோகிலாவின் குரல் கேட்டது, இரண்டாவது அடியைப் பாடிக்கொண்டு.