கோணல் முடிச்சு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்பு ஜிக் கிடக்கிறது. ஈயத் தலை, ஒற்றைக் கொக்கி, அதை மறைக்க ரப்பர் குஞ்சம். பாஸ் மீனை ஏமாற்றுவதற்கான பொய் இரை அது. அதன் வளையத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, முடிச்சிலிருந்து ஒரு முழம் தூண்டில் நரம்பு நீள்கிறது. முடிச்சு பார்க்கக் கோணலாக இருக்கும். போட்டவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். வெட்டி எடுத்தவன் நான். வெட்டியது அவருக்குத் தெரியாது.

இவ்வளவுதான் விஷயம். இதை எழுத மூன்று வாரமாக முக்கிக்கொண்டிருக்கிறேன். கைவிட்ட தொடக்கங்கள் சில:

அதிகாலை ஏரி கண்ணாடிபோல் (எல்லாருடைய ஏரியும் அப்படித்தான்.)

மனிதன் முதன்முதலில் தூண்டில் போட்டது எந்த (எனக்கே கொட்டாவி வந்தது.)

பாஸ் மீனுக்குத் தூண்டில் சாமான் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

மூன்றாவதைக் கிழிக்கவில்லை. மிக்சி, மின்விசிறி, தண்ணீர் சூடாக்கி ஆகியவற்றோடு வரும் செய்முறைச் சீட்டுகளை எழுதித்தான் பிழைக்கிறேன். பயம் வந்தால் செய்முறைக்குள் போய் ஒளிந்துகொள்வது என் பழக்கம். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கவனிக்க வேண்டியவை. பாஸ் பெரிய வாய்க்காரன், நன்னீர் மீன். பாறை, முங்கிய மரம் என்று ஏதாவது மறைவுக்குள் கிடப்பான். எனவே ராடு, அதாவது தூண்டில் கம்பு, ஏழடி இருக்கட்டும், நுனி வளையலாம், இடுப்பு வளையக்கூடாது. நரம்பில் மூன்று வகை உண்டு. சாதா நைலான் இழுத்தால் நீளும். பின்னல் நரம்பு பலசாலி, ஆனால் தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணில் பட்டுவிடும். ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் தெரியாது. ஆனால் விறைப்பு. முடிச்சுக்கு லேசில் மசியாது.

அத்தான் கேட்டது ஃப்ளூரோகார்பன்.

"பின்னலே போட்டுக்குங்க சார், முடிச்சு சுலபமா விழும்" என்றார் தூண்டில் கடைக்காரர். சொல்லும்போது அவர் பார்வை அத்தானின் வலது கைக்குப் போய்விட்டுத் திரும்பியது. கல்லாமேல் இருந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"தெளிஞ்ச தண்ணி. ஃப்ளூரோ குடுங்க" என்றார் அத்தான்.

நடுக்கம் வந்து எட்டு மாதம். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நடுக்கம் போகவும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் இருபத்தாறு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார், எள்ளளவு திருகாணிகளைச் சட்டத்தில் பூட்டுகிறார். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அத்தான்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகலாம் என்று என்னைக் கூப்பிட்டபோது காரணத்தையும் சொன்னார்.

"அந்த விறைச்ச நரம்புல நானே முடிச்சுப் போடுவேன்டா. அது நின்னா வேலையில நிப்பேன். அவுந்தா, விட்டுடுவேன். அடுத்தவங்க கண்ணோட விளையாடக் கூடாது."

(இங்கே நான் ஒரு பத்தி தத்துவம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். வெறும் சப்பைக்கட்டு.)

3

அன்று காலை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாமானெல்லாம் பரப்பியிருந்தது. அத்தான் முழங்கைகளை மேசையில் ஊன்றி, நரம்பை வளையத்தில் நுழைக்கவே ஆறு முறை முயன்றார். முடிச்சு விழப் பதினோரு நிமிடம் ஆனது. இடையில் நான் கை நீட்டினேன்.

"உன் வேலையப் பாரு" என்றார். கோபமில்லை. வேர்த்திருந்தது.

முடித்துவிட்டு, தொப்பி எடுக்க உள்ளே போனார். நான் முடிச்சைப் பார்த்தேன். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மனசு கேட்கவில்லை. பரிதாபம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அதற்கு வேறு பெயர் தோன்றுகிறது, ஆனால் எழுதினால் என்னை நானே அழகாகத் திட்டிக்கொள்வது மாதிரி இருக்கும். ஒரு முழம் விட்டு நரம்பை வெட்டினேன். பெட்டியில் அதே மாதிரி இன்னொரு பழுப்பு ஜிக் இருந்தது. அதைக் கோத்து அரை நிமிடத்தில் முடிச்சுப் போட்டேன். மிச்ச நுனியை ஒட்ட நறுக்கினேன். பழைய ஜிக் என் சட்டைப்பைக்குள் போனது.*

* ஃப்ளூரோகார்பன் முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் பாதியில் முரண்டு பிடித்து நின்றுவிடும், இறுகின மாதிரியே தெரியும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நுனியைப் பல்லால் கடித்து இழுப்பது அத்தான் வழக்கம். அவர் வாயில் வைக்கிற நரம்பில் என் எச்சிலா என்று கூச்சப்பட்டுவிட்டேன். கேட்காமல் அவர் முடிச்சை வெட்டக் கூசவில்லை, இதற்குக் கூசியிருக்கிறேன்.

அத்தான் வந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முடிச்சைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் விழுந்திருக்கு!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் அவருக்குக் கொடுத்ததாக வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

4

(இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். எழுதத் தெம்பில்லை.)

ஏரிக்கரையில், சரிந்த பாறைகளுக்கு அருகே வீசினார். மூன்றாவது வீச்சில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. அத்தான் ராடை ஓங்கித் தூக்கினார். ராடு வில்லாக வளைந்தது. மீன் ஒரு முறை வெளியே துள்ளித் தலையை உதறியது. நல்ல கனம். அவர் "டேய்! டேய்!" என்று சின்னப் பிள்ளையாகக் கத்தினார். பிறகு ராடு நிமிர்ந்துவிட்டது.

நரம்பு வெறுமனே காற்றில் வந்தது. நான் ஓடிப்போய் நுனியைப் பிடித்தேன். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. நகவெட்டியால் சட்டென்று நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சிக்கலா இருந்துச்சு அத்தான். வேற ஜிக் கட்டலாமா?"

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்டா" என்றார். "தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது.

5

இந்தக் கதையில் வரும் தம்பி பாத்திரம் எனக்கு நம்பும்படியாக இல்லை. நாற்பத்தெட்டு வயது ஆள், ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று வாரம் எடுப்பானா? எடுப்பான் போலிருக்கிறது. எடுத்ததோடு நிற்காமல் ஒரு பொய்க் கதையும் எழுதினான். அதில் நரம்பு பாறையில் உரசி அறுந்தது. யாருடைய முடிச்சும் குற்றவாளியல்ல. அப்படிப் பூசி மெழுகி, போன புதன்கிழமை அத்தானிடமே கொண்டுபோனேன். மீன் வருகிற எதை எழுதினாலும் தன்னிடம் காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

பாறை அறுத்ததென்று அவர் நம்பிவிட்டால் வேலையை விடமாட்டார். அதுதான் கணக்கு.

அவர் தாளை மடியில் வைத்துப் படித்தார். தாள் சலசலத்தது. அக்கா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயாவது சொல்லேன்டா, வேலைய விட வேண்டாம்னு" என்று அதற்கு முந்தைய நாள்தான் போனில் அழுதிருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார் அத்தான். "ஆனா பாறையில அறுந்தா நுனி சொரசொரன்னு இருக்கும். முடிச்சு நழுவினாத்தான் சுருண்டுக்கும். அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"கவனிக்கலை அத்தான்."

"கவனிக்காமத்தான் வெட்டுனியா?"

நான் தாளை வாங்கி மடித்தேன். அவர் மேலே கேட்கவில்லை. எனக்காகத்தான் கேட்காமல் விட்டார் என்று நினைக்கிறேன். தன் முடிச்சு நழுவியதைப் பார்த்துவிட்டு, அவர் மனம் நோகக் கூடாதென்று நான் மறைத்ததாக எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"விடுடா. திங்கக்கிழமை முதலாளிகிட்ட கடைச் சாவியக் குடுத்துடறேன். சொல்லிட்டேன்."

அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது.

6

இன்று ஞாயிறு காலை. நாளை திங்கள்.

சற்று முன் ஒரு காரியம் செய்தேன். இழுப்பறையிலிருந்து அத்தானின் ஜிக்கை எடுத்து, அந்த முழ நரம்பைக் குளியலறைக் கதவின் கைப்பிடியில் சுற்றி, கொக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மாட்டினேன். நான் சவரம் செய்து முகம் கழுவும்வரை தொங்கியது. கோணல் முடிச்சு நகரவே இல்லை. பிறகு அதே வகை நரம்பில் இன்னொரு துண்டை எடுத்து, வேறொரு கொக்கியில், எச்சில் தொடாமல் என் அழகான முடிச்சைப் போட்டு, நுனியை ஒட்ட நறுக்கி, கேனைத் தொங்கவிட்டேன். கேன் என் கால் பெருவிரலில் விழுந்தது. நரம்பின் நுனி சுருண்டிருந்தது.

விரல் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) தம்பி உண்மையைச் சொல்கிறான். அத்தான் சிரித்து, கட்டிப்பிடித்து (இல்லை. பதினோரு நிமிடம் வேர்த்தவர் சிரிக்க வேண்டிய அவசியம் என்ன?)

ஆ) சொல்கிறான். அத்தான் அவனை வீட்டுக்கு வரவேண்டாம் என்கிறார். வேலைக்குப் போகிறார். (இது எனக்குக் கட்டுப்படியாகும். கஷ்டம்தான், ஆனால் கட்டுப்படியாகும்.)

இ) சொல்கிறான். ஆனாலும் அவர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். தூண்டில் முடிச்சு வேறு, திருகாணி வேறு என்கிறார். (இப்படியும் நடக்கலாம். அப்போதும் அது அவர் எடுத்த முடிவாக இருக்கும், என் முடிச்சு எடுத்ததாக இருக்காது.)

ஈ) தம்பி இன்னொரு வரைவு எழு

வேண்டாம். களைத்துப்போய்விட்டேன்.

இதுவரை "நீங்கள்" என்று நான் கூப்பிட்டதெல்லாம் உங்களைத்தான் அத்தான். மீன் விஷயத்தில் தப்பு இருந்தால் திருத்துங்கள். பாறை இல்லை. நுனி சுருண்டுதான் இருந்தது. நழுவியது என் முடிச்சு. இதோடு வைத்த உறைக்குள் இரண்டு பொருள் இருக்கின்றன: அன்று வெட்டிய சுருள் நுனி, உங்கள் ஜிக். ஜிக்கில் இருப்பது நீங்கள் போட்ட முடிச்சு, அவிழவில்லை. என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டிலும் தண்ணீர் கேன் இருக்கிறது.

இன்னும் அரைமணியில் இதை அக்கா கையில் கொடுப்பேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில்தான் நிற்பேன்.

ஏழாம் பகுதிக்கு எண் மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக வந்தாலும் நீங்களே எழுதுங்கள். இந்த முறை கை வைக்கமாட்டேன்.

7